களிமண் கோலெமும் ஓடந்துறைக் காற்றாலையும்

ஒரு களிமண் கோலெமின் விலை 40,000 பொற்காசு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அப்படித்தான் விலை வைத்திருக்கிறது. அதே விதிநூலில், மூட்டை சுமக்கவும் குழி வெட்டவும் வரும் சாதாரணக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு 1 வெள்ளிக்காசு. பத்து வெள்ளி ஒரு பொன். ஒரு கோலெம் வாங்கும் பணத்தில் கூலியாளுக்கு 4 லட்சம் நாள் கூலி கொடுத்துவிடலாம்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் ஊட்டி சாலையில் வருகிறது ஓடந்துறை ஊராட்சி. அது 2006-ல் ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட் திறன், விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அந்த ஆண்டுதான் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அப்போது அதன் நாள் கூலி 80 ரூபாய். காற்றாலையின் விலையைக் கூலியாக மாற்றினால் ஏறத்தாழ 1 லட்சத்து 94 ஆயிரம் நாள்.

ஒன்று கற்பனை, இன்னொன்று உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடிக் காட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் இரும்பு. ஆனால் இரண்டும் ஒரே ஆசையிலிருந்து பிறந்தவை. சோறு கேட்காத, தூங்காத, கூலி கேட்காத ஓர் ஆளை மனிதன் செய்துகொள்ள முடிந்தால் என்ன ஆகும் என்பதே அந்த ஆசை. விளையாட்டு அதற்கு ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது. கொங்கு நாடு ஒரு நூற்றாண்டாக இன்னொரு விடையை வாழ்ந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974-ல் வெளியிட்டது இது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, ஒருவர் சொல்லும் கதைக்குள் மற்றவர்கள் நடமாடுவார்கள். அந்தக் கதையுலகில் மந்திரத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு. கோலெம் என்ற உருவத்தை யூதர்களின் தொன்மத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்து ராபி லோவ், தம் மக்களைக் காக்கக் களிமண்ணில் ஓர் ஆளைச் செய்து உயிரூட்டினார் என்பது அந்தக் கதை. விளையாட்டில் அதைச் செய்ய 450 கிலோவுக்குக் குறையாத ஒரே களிமண் கட்டி வேண்டும், 1,500 பொன்னுக்கு அரிய எண்ணெய்களும் பொடிகளும் வேண்டும், பதினொன்றாம் நிலையை எட்டிய மந்திரவாதியும் வேண்டும்.

அந்த 40,000 பொன்னுக்கு என்ன வேலை கிடைக்கும்? விதிநூலின் சுமை அட்டவணைப்படி ஒரு சாதாரண மனிதன் தூக்கக்கூடிய அதிகச் சுமை 100 பவுண்டு. களிமண் கோலெமின் வலுவுக்கும் உடலளவுக்கும் 1,600 பவுண்டு. பதினாறு மடங்கு. மனிதன் எட்டு மணி நேரம் உழைத்தால் இது இருபத்து நாலு மணி நேரமும் உழைக்கும், அது மூன்று மடங்கு. ஆக 48 ஆள் வேலை. ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் 48 பேருக்கான கூலி 1,440 பொன். போட்ட முதல் திரும்ப ஏறக்குறைய 28 ஆண்டு. வெளியில் வாங்காமல் மந்திரவாதி தானே செய்துகொண்டால் அடக்க விலை 21,500 பொன். அப்போதும் 15 ஆண்டு. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்குக் கடன் வாங்கிக் கோலெம் வாங்கியவன் ஆண்டுக்கு 4,800 பொன் வட்டி கட்டி 1,440 பொன் கூலியை மிச்சம் பிடிப்பான். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் இந்தக் கணக்கை எவரிடம் சொன்னாலும், அந்தப் பணத்தை வட்டிக்கு விட்டுச் சுமைதூக்குகிறவர்களுக்குக் கூலி கொடுப்பதே மேல் என்பார்கள். அது சரியான பதில்.

எனவே விளையாட்டின் உலகில் கோலெம் எங்கும் மூட்டை சுமப்பதில்லை. புதையல் அறை வாசலில் காவல் நிற்கிறது. வடிவமைத்தவர்கள் அதன் விலையை உழைப்பை எண்ணி வைக்கவில்லை, சண்டையில் அது எவ்வளவு அடி தாங்கும் என்பதை எண்ணி வைத்தார்கள். இது அவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. விசயமங்கலத்தில் வாழ்ந்தவராகக் கருதப்படும் கொங்குவேளிர் பாடிய ‘பெருங்கதை’யின் உதயணன் கதையிலும் ஒரு பொறியானை வருகிறது. உள்ளே வீரர்களை ஒளித்து வைத்து உதயணனைச் சிறைபிடிக்கச் செய்த யானை அது. மரம் இழுக்கவோ கல் சுமக்கவோ யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. மன்னனின் செலவில் செய்யப்படுகிற செயற்கை ஆள் போருக்குத்தான் முதலில் போகிறது.

விளையாட்டுக்குள்ளேயே விலை மலிந்த உழைப்பாளி ஒன்று உண்டு, எலும்புக்கூடு. இறந்தவரின் கண்குழியில் 25 பொன் மதிப்புள்ள கரிய ஓனிக்ஸ் கல்லை வைத்து மந்திரம் சொன்னால் எழுந்து நிற்கும். அது 250 நாள் கூலி, ஓராண்டில் முதல் திரும்பிவிடும். ஆட்டக்காரர்கள் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, எலும்புக்கூடுகள் உழும் நாட்டைக் கற்பனை செய்திருக்கிறார்கள். விதிகள் இரண்டு தடை வைத்திருக்கின்றன. அது தீய செயல் என்பது ஒன்று. ஐந்தாம் நிலைப் பூசாரி ஒருவர் இருபதுக்கு மேல் எழுப்பினால் மிச்சம் அவர் பேச்சைக் கேட்காது என்பது மற்றொன்று.

இனி ஓடந்துறை.

மேட்டுப்பாளையத்தில் நீலகிரியை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிறது பவானி. அதன் கரையில்தான் இந்த ஊராட்சி. குடிநீரைக் குழாயில் எல்லா ஊருக்கும் கொண்டுசேர்த்தபோது நீரேற்றும் மோட்டாருக்கான மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்னத் தொடங்கியது. தெருவிளக்குச் செலவு வேறு. 1996 முதல் தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், 2003-ல், மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவி ஒன்றை முதலில் வைத்தார்கள். மரஅறுவை ஆலைகள் நிறைந்த பகுதிக்குப் பொருத்தமான முயற்சி. அடுத்துக் காற்றாலை. ஓடந்துறையில் அதற்கேற்ற காற்று இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம், மைவாடியில் அதை நிறுவினார்கள். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த 40 லட்சம் போக, மிச்சம் 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். காற்றாலை சம்பாதித்தே தன் கடனை அடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை சுமார் நாலரை லட்சம் யூனிட். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள்.

இதை ஆள் கணக்கில் பார்ப்போம். உடல் வலு மிக்க ஒருவர் நாள் முழுக்கச் சீராக உழைத்தால் ஏறத்தாழ 75 வாட் அளவுக்கு வலுவைத் தொடர்ந்து தரமுடியும் என்பது பொறியியலில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட், 300 நாளுக்கு 180 யூனிட். அப்படியானால் மைவாடிக் காற்றாலை 3,750 பேரின் தசைவலுவுக்குச் சமம். ஓர் ஆள் வலுவின் விலை 4,133 ரூபாய், அதாவது அன்றைய கூலியில் 52 நாள். கோலெமில் இதே கணக்கைப் போட்டால் ஓர் ஆள் வலுவின் விலை 833 பொன், அதாவது 8,333 நாள் கூலி. மொத்த விலையில் கோலெம் காற்றாலையைப் போல் இரு மடங்குதான். ஓர் ஆள் வலுவுக்கு வரும்போது நூற்றறுபது மடங்கு.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. கோலெம் படியேறி மூட்டையை வைத்துவிட்டு வரும். காற்றாலைக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதன் வலு வேலையாக மாற வயர் வேண்டும், மின்மாற்றி வேண்டும், மறுமுனையில் மோட்டார் வேண்டும், நடுவில் மின்வாரியம் வேண்டும். மைவாடியில் சுற்றுவதை ஓடந்துறையில் தெருவிளக்காக எரிய வைப்பது அந்தப் பொது அமைப்புத்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற மண்ணில் மார்கழியில் இறக்கை சும்மா நிற்கும். ஆடியில் கொடுத்ததைக் கணக்கில் வைத்துக்கொண்டு மார்கழியில் ஊருக்கு மின்சாரம் தர யாராவது வேண்டும். கோலெமுக்கு இப்படி எந்தத் துணையும் வேண்டாம். அது தனியாள். தனியாளாக இருப்பதால்தான் விலையும் அதிகம் என்பது என் எண்ணம்.

விலை வேறுபாட்டுக்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று விதிநூலிலேயே இருக்கிறது. களிமண் கோலெம் செய்கிற மந்திரவாதி பொன்னோடு தன் அனுபவப் புள்ளிகளில் 1,540-ஐயும் இழக்க வேண்டும். அனுபவம் என்பது அந்த உலகில் ஒருவர் இத்தனை நாள் கற்றதும் பட்டதும். ஒரு கோலெம் செய்தால் செய்தவர் அந்த அளவுக்குக் குறைந்துபோவார். பத்து செய்தால் பத்து மடங்கு. எந்த மந்திரவாதியும் கோலெம் தொழிற்சாலை வைக்காததற்கு இந்த ஒரு விதி போதும்.

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை நீராவியில் ஓடியது. நீராவி எஞ்சின் வைக்கப் பெருமுதலாளியால்தான் முடியும். நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கி, மின்சாரம் மலையிறங்கி வந்ததும் நிலைமை மாறியது. ஆலைகள் பெருகின. அதைவிட முக்கியம், வலு என்பதைச் சின்னச் சின்னப் பங்காக வாங்க முடிந்தது. பத்துக் குதிரைத்திறன் வேண்டியவர் பத்து வாங்கினார், மூன்று போதும் என்றவர் மூன்று வாங்கினார். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின்மோட்டாரை உருவாக்கினார்கள். அதற்குப் பின் மோட்டார் செய்யத் தெரிந்தவர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பவுண்டரியில் வார்ப்புக் கற்றவர், லேத்தில் ஷாஃப்ட் கடைந்து பழகியவர், காயில் கட்டத் தெரிந்தவர் என ஒவ்வொருவரும் நாலு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு ஷெட் பிடித்துத் தனிப் பட்டறை போட்டார்கள். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் சந்துக்குச் சந்து எழுந்த பட்டறைகளின் வரலாறு பெரும்பாலும் இதுதான். இன்று நாட்டில் செய்யப்படும் பம்புகளில் ஏறத்தாழ பாதி கோவையில் செய்யப்படுவதாகச் சொல்லப்படுகிறது. ஒரு மோட்டார் செய்தவரிடம் அடுத்த மோட்டாருக்கான அறிவு கூடியிருந்தது. செய்யச் செய்யக் குறையும் கலைக்கும் செய்யச் செய்யக் கூடும் கலைக்கும் உள்ள தூரம்தான் 8,333 நாளுக்கும் 52 நாளுக்கும் உள்ள தூரம்.

1955-ல் பி. சபாபதி செய்த வெட்கிரைண்டரையும் இதில் சேர்க்க வேண்டும். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து விடியலுக்கு முன் மாவாட்டிய பெண்களின் உழைப்பு எந்தக் கூலிப் பட்டியலிலும் ஏறியதில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விலைப்பட்டியலில் சமையல்காரர் கூலி இருக்கிறது, வீட்டுப் பெண்ணின் உழைப்பு இல்லை. கூலி இல்லாத உழைப்பைக் கருவி எடுத்துக்கொள்ளும்போது பொன்னில் லாபம் எதுவும் காட்ட முடியாது. ஆனாலும் இடுப்பொடிய ஆட்டியவர்களுக்கு அந்தச் சின்ன மோட்டார் தந்த விடுதலை, நான் மேலே போட்ட கணக்குகள் எல்லாவற்றையும் விடப் பெரிது.

வேறொரு உழைப்பாளியைப் பற்றிப் பேசும்போது மனம் கனக்கிறது. மோட்டார் வருமுன் கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தது கவலை. கிணற்று மேட்டிலிருந்து சரிவில் மாட்டை இறக்கினால் வடக்கயிறு இழுபட்டுத் தோல் பறி நிரம்பி மேலே வரும். ஓட்டுகிறவர் கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் உடல் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். பறி வாய்க்காலில் கொட்டியதும் மாட்டைப் பின்னுக்கு ஏற்ற வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். இருட்டோடு தொடங்கி வெயில் ஏறும் வரை இதுவே. அந்தப் பறியைத் தைத்தவர்களும், பிய்ந்தால் ஒட்டுப் போட்டவர்களும், பெருந்தோட்டங்களில் கவலை ஓட்டியவர்களில் பலரும் அருந்ததியர் மக்கள். முன்பணம் வாங்கி ஆண்டுக் கணக்கில் ஒரே தோட்டத்தில் கட்டுப்பட்டுக் கிடந்த பண்ணையாட்கள். தோட்டக்காரரின் கண்ணுக்கு அவர்கள்தான் அந்தக் காலத்துக் கோலெம். நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும், ஓட்டச் சொன்னால் ஓட்டவும் கடமைப்பட்டவர்கள்.

விளையாட்டு உலகம் இந்த இடத்துக்கு வந்ததுண்டு. கீத் பேக்கர் உருவாக்கி 2004-ல் வெளியான ‘எபெரான்’ என்ற கதையுலகில் வார்ஃபோர்ஜ்ட் என்றொரு இனம் வருகிறது. மரமும் கல்லும் உலோகமும் சேர்த்துப் போருக்கென்று கேனித் என்ற வணிகக் குடும்பம் வார்த்தெடுத்த உருவங்கள். கோலெமைப் போலன்றி அவற்றுக்கு மனமும் உண்டு. போர் முடிந்ததும் த்ரோன்ஹோல்ட் உடன்படிக்கை அவர்களும் ஆட்களே, யாருக்கும் உடைமை அல்லர் என்று அறிவிக்கிறது; வார்க்கும் உலைகளையும் மூடச் சொல்கிறது. மறுநாள் காலையில் அவர்களிடம் நிலம் இல்லை, வீடு இல்லை, போரைத் தவிர எந்தத் தொழிலும் தெரியாது. கிடைத்த கூலிக்கு வேலைக்குப் போகிறார்கள். பெயரளவில் மட்டும் விடுதலை கொடுத்து ஒப்பந்தத்தில் கட்டி வைக்கும் இடங்களும் அந்த உலகில் உண்டு.

இங்கே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. கவலையை மோட்டார் அதற்கு முன்பே தள்ளத் தொடங்கிவிட்டது. பண்ணையாள் முறை தேய்ந்ததற்குச் சட்டத்தோடு மோட்டாரும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும், சாலையும் பஸ்ஸும் சேர்ந்தே காரணம். தோல் பறி தைத்தவர்களின் கைத்தொழில் ஒரு தலைமுறைக்குள் தேவையற்றதாயிற்று. அதற்கு ஈடாக அவர்களுக்கு எவரும் எதையும் தரவில்லை. மோட்டாருக்குக் கடனும் மானியமும் நிலம் வைத்திருந்தவருக்குத்தான் கிடைத்தன, ஏனென்றால் கிணறு அவருடையது. வார்ஃபோர்ஜ்டுக்கு வயிறு இல்லை. கூலி கட்டுப்படி ஆகவில்லை என்றால் ஓராண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம், உயிர் போகாது. பண்ணையாள் நாளை காலை உலை வைக்க வேண்டியவர். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டதே அதனால்தான். பேரம் பேச அவரிடம் ஒரு வாரம்கூட இல்லை. செயற்கை உழைப்பாளியின் பொருளாதாரத்தை எழுதுகிறவர்கள் சோறு தேவையில்லை என்பதைச் செலவு மிச்சமாக மட்டும் எழுதுகிறார்கள். அது பேரம் பேசும் பலமும்கூட.

கோலெமைப் பற்றி விதிநூல் சொல்லும் இன்னொரு செய்தி, அது சும்மா நின்றால் செலவே இல்லை என்பது. நூறாண்டு ஒரே மூலையில் நிற்கும். நம் ஊர்க் கதையில் வரும் பூதம் அப்படியல்ல. ஒருவன் பூதத்தை வரவழைக்கிறான். ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை தீர்ந்தால் உன்னையே தின்பேன் என்கிறது பூதம். மாளிகை கட்டு என்றால் கண்ணிமைப்பதற்குள் கட்டிவிடுகிறது, காட்டை அழி என்றால் அழித்துவிடுகிறது. கடைசியில் நாய் வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பிக்கிறான். விவேகானந்தரும் கர்ம யோகச் சொற்பொழிவில் இதைச் சொல்லியிருக்கிறார். பொருளாதாரம் தெரிந்தவர் யார் என்று கேட்டால், கதை சொன்ன பாட்டி விதிநூலை எழுதியவர்களைவிடத் தெரிந்தவள் என்பேன். கடன் வாங்கி மெஷின் போட்ட எந்தப் பட்டறைக்காரருக்கும் இது தெரியும். மெஷின் நின்றாலும் தவணை நிற்காது. நூற்பாலைகள் மூன்று ஷிப்ட் ஓடுவதும் விசைத்தறிகள் இரவெல்லாம் சத்தம் போடுவதும் இந்தப் பயத்தால்தான்.

தோட்டத்து மோட்டார் பூதக் கதையை வேறொரு வழியில் நிகழ்த்தியது. 1970-ல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனபோது கொங்கு விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்தார்கள். பெருமாநல்லூரில் மூவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் மாட்டுவண்டிகள் வந்து கோவை நகரத்தையே நிறுத்தின. பைசாக் கணக்குக்கு உயிர் கொடுத்த போராட்டம் அது. களைக்காத ஆளுக்குத் தீனி போடும் செலவு ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானித்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1990-ல் தமிழகம் முழுவதும் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. மானாவாரியாகக் கிடந்த எத்தனையோ காடுகள் அதனால் தோட்டமாயின. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை.

அதன் விளைவு நிலத்தடியில் தெரிந்தது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் நிச்சயம் இல்லாதபோது தோட்டக்காரர்கள் ஸ்டார்ட்டரில் ஆட்டோ சுவிட்ச் மாட்டினார்கள். நள்ளிரவு ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பச்சை விளக்கு எரிய, சுவரில் கான்டாக்டர் ‘டக்’கென்று ஒட்ட, ஆளில்லாத தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். மாடு களைத்தால் கவலை நிற்கும், அதற்குள் கிணறு ஊறிக்கொள்ளும். கவலையின் களைப்பு கிணற்றுக்குக் காவலாக இருந்தது என்பது அது போன பிறகே விளங்கியது. திறந்த கிணறு வற்றியது, போர் போட்டார்கள், போர் வற்றியது, இன்னும் ஆழமாகப் போட்டார்கள். கோவை மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆயிரம் அடியைத் தாண்டியும் புழுதிதான் வருகிறது. அன்னூர், அவிநாசி வறட்சிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி 1,045 குளம் குட்டைகளில் நிரப்புவது திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். சின்ன மோட்டார்கள் எடுத்துத் தீர்த்ததைப் பெரிய மோட்டார்கள் கொண்டுவந்து ஊற்றுகின்றன.

கோலெமை யார் நிறுத்தலாம்? செய்தவர் மட்டும். சண்டையில் இறங்கினால் சுற்றுக்குச் சுற்று ஒரு சதவீதமாக ஏறும் வாய்ப்பில் களிமண் கோலெம் வெறி கொள்ளும், அதன் பிறகு செய்தவராலும் நிறுத்த முடியாது. தோட்டத்து மோட்டாரை யார் நிறுத்தலாம்? தோட்டக்காரர் நிறுத்தலாம், ஆனால் அவர் நிறுத்தினால் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்வார். அதனால் ஒருவரும் நிறுத்தவில்லை. கோலெமிலும் மோட்டாரிலும் உள்ள குறை ஒன்றே. வேலைக்காரன் தனியார் சொத்து, அவன் வேலையின் விளைவு எல்லோருடையது.

இந்தக் குறைக்கு வெளியே நிற்பதால்தான் ஓடந்துறைக் காற்றாலையை நான் இவ்வளவு மதிக்கிறேன். ஐம்பது ஆண்டு கண்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல்கள் கோலெமுக்கு வைத்த உரிமையாளர்கள் மன்னனும் மந்திரவாதியும் கோயிலும்தான். ஒரு கிராமம் காசு சேர்த்து, மிச்சத்தைக் கடன் வாங்கி, தன் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஒரு கோலெம் வாங்கும் என்பது விலைப்பட்டியல் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நமக்கும் அதற்கு முன் தோன்றவில்லை. கொங்கு நாட்டில் காற்றாலை வைத்தவர்கள் பெரும்பாலும் மில் முதலாளிகள். வரிச் சலுகைக்காகவும் ஆலை மின்செலவைக் குறைக்கவும் வைத்தார்கள். ஓர் ஊராட்சி அதே பொருளை அதே சந்தையில் வாங்கியபோது அதன் லாபம் குழாய்த் தண்ணீராக வந்தது. காற்றை எவ்வளவு எடுத்தாலும் பக்கத்து ஊர்க் கிணறு வற்றுவதில்லை என்பது இன்னொரு வசதி.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. ஓடந்துறையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள், படம் பிடித்துப் போனார்கள், பின்பற்றியவர்கள் அரிது. 40 லட்சம் ரூபாயைச் செலவழிக்காமல் சேர்த்து வைப்பது ஓர் ஊராட்சிக்கு எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஊராட்சிக்குக் கடன் கொடுக்க வங்கிக்கு மனம் வர வேண்டும், அதற்கு ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். தலைவர் ஒருவரின் விடாப்பிடியைச் சார்ந்து நின்ற முயற்சி அது. அடுத்தடுத்த ஊர்களும் செய்ய ஒரு வழிமுறையாக அதை அரசு மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை.

கோலெமுக்கு வயதாவதில்லை, காற்றாலைக்கு ஆகும். இப்படிப்பட்ட இயந்திரங்களுக்கு இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆயுள் வைப்பார்கள். ஓடந்துறை வாங்கியது 2006-ல். பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், அதே இடத்தில் கூடுதல் திறனுள்ளவற்றை நிறுத்தவும் தமிழக அரசு 2024-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. அது தனியார் முதலீட்டாளரை மனதில் வைத்து எழுதியது. ஊராட்சிகளுக்கென்று குறைந்த வட்டிக் கடனும், முதலில் போட வேண்டிய பங்கில் பாதிக்கு அரசு மானியமும் அதில் சேர்ந்தால், ஓடந்துறை தன் இரண்டாவது காற்றாலையை இன்னும் பெரிதாக நிறுத்தலாம். காரமடை ஒன்றியத்தின் மற்ற ஊராட்சிகள் கூட்டாகச் சேர்ந்து அதே காட்டில் இன்னொன்றை நிறுத்தலாம். அதற்கான பணத்தை இப்போதே ஒதுக்கத் தொடங்க வேண்டும், கிராம சபையில் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வாசிக்க வேண்டும்.